தொலைவிலிருந்தே கைப்பிடித்துக் கற்றுத்தர முடியுமா? ரோபோ இயக்குவோருக்கான தொடுவுணர்வுப் பயிற்சி: ஒரு விளக்கம்

மும்பை: பாதாளச் சாக்கடைகளை மனிதர்களைக் கொண்டு சுத்தம் செய்வதற்கு மும்பை, சென்னை உள்ளிட்ட 6 பெருநகரங்களில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 29 அன்று தடை விதித்தது. இப்பணி இயந்திரங்களின் கைக்கு மாறும்போது, அவற்றை இயக்கப் பழக வேண்டியவர்கள் பெரும்பாலும் இதுவரை குழிக்குள் இறங்கிய அதே தொழிலாளர்கள்தான். கேரளத்தின் ஜென்ரோபோடிக்ஸ் நிறுவனம் 2018-ல் அறிமுகப்படுத்திய 'பேண்டிகூட்' ரோபோவின் நோக்கமும் அதுவே. இயக்குபவர் தெருவில் நின்றபடி, திரையைப் பார்த்து அதன் கரத்தை நகர்த்துகிறார்.

ஆனால், திரையில் அழுத்தம் தெரியாது. கரம் பற்றியிருப்பது மணலா, கந்தல் துணியா, குழியின் செங்கற்சுவரா என்பதைக் கலங்கிய நீரில் கேமரா காட்டாது. கைதேர்ந்த ஒருவர் வேறு ஊரில் அமர்ந்து காணொலியைப் பார்த்து, "மெதுவாக" என்று சொல்லலாம். எவ்வளவு மெதுவாக என்பதைச் சொல்வதற்குத்தான் சொற்கள் போதவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப முயல்வதே 'ஹாப்டிக்ஸ்' எனப்படும் தொடுவுணர்வுத் தொழில்நுட்பம்.

எப்படிச் செயல்படுகிறது?

ரோபோவின் மூட்டுகளிலோ கருவியின் முனையிலோ பொருத்தப்பட்ட உணரிகள் விசையை அளக்கின்றன. இயக்குபவரின் கைப்பிடியில் உள்ள சிறு மோட்டார்கள் அவ்விசையை எதிர்த்தள்ளலாகவோ அதிர்வாகவோ கைக்குத் தருகின்றன. தொலைநிலைப் பயிற்சியில் இதேபோன்ற மற்றொரு கைப்பிடி பயிற்றுநரிடமும் இருக்கும். கற்பவர் எவ்வளவு அழுத்துகிறார் என்பதை அவர் தம் கையாலேயே அறிவார். தமது பிடியை அவர் அசைத்தால், கற்பவரின் கை மெல்ல அத்திசைக்கு இழுக்கப்படும். குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைப்பதைப் போன்றது இது. தமிழ், மராத்தி, இந்தி என ஒரே தெருவில் பல மொழிகள் புழங்கும் தாராவி போன்ற பகுதியில், மொழிபெயர்ப்பு தேவைப்படாத அறிவுரை என்பது சிறிய வசதியன்று.

செம்பூரின் அண்டை வீட்டில்

இந்த உத்தி மும்பைக்குப் புதிதும் அன்று. செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், கதிரியக்கப் பொருள்களைத் தடித்த தடுப்புக்கு அப்பால் இருந்து கையாள இணைக்கரங்கள் பயன்படுகின்றன. வெளியே ஒருவர் கைப்பிடியை அசைத்தால், உள்ளே இருக்கும் கரம் அப்படியே அசையும். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ரேமண்ட் கோயர்ட்ஸ் குழுவினர் 1940-களின் இறுதியில் உருவாக்கிய முறை இது. இரு கரங்களையும் கம்பிகளும் பட்டைகளும் இணைத்ததால், உள்ளே பட்ட தடை தானாகவே கைக்கு வந்து சேர்ந்தது. 1954-ல் அவர்களே அந்த இணைப்பை மின்சாரத்துக்கு மாற்றி, விசையையும் உணர வைத்தனர். கரமும் கையும் ஒரே சுவரின் இரு பக்கங்களில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அத்துடன் முடிந்தது.

தூரம் கூடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. காணொலிக்கு விநாடிக்கு 25 முதல் 30 படங்கள் போதும். தொடுவுணர்வு இயல்பாகத் தோன்ற விநாடிக்குச் சுமார் 1,000 முறை தகவல் புதுப்பிக்கப்பட வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி விநாடியில் சுமார் 200 கிலோமீட்டர்தான் செல்லும். மும்பையிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்ப, எந்த இடைத்தடையும் இல்லாவிட்டாலும் 10 மில்லி விநாடி ஆகிவிடும். சுவரில் மோதிய செய்தி தாமதமாக வந்தால், இயக்குபவர் அதற்குள் இன்னும் அழுத்தியிருப்பார். பிறகு பதறிப் பின்வாங்குவார். கரம் நடுங்கத் தொடங்கும்.

ஐஐடி பாம்பேயின் முன்னாள் இயக்குநர் சுபாசிஸ் சௌத்ரியும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும், அனுப்ப வேண்டிய தகவலைக் குறைப்பது எப்படி என்று பவாய் வளாகத்தில் ஆராய்ந்துள்ளனர். வெறுங்கையில் 100 கிராம் வைத்தால் உடனே தெரியும். அரிசி மூட்டையைச் சுமப்பவரின் தலையில் அதே 100 கிராமைக் கூட்டினால் தெரியாது. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் வெபர் கண்ட விதி இது. எனவே மனிதக் கை உணரக்கூடிய மாற்றம் நேரும்போது மட்டும் தகவலை அனுப்பினால் போதும், மற்றவற்றை விட்டுவிடலாம். தாமதத்தை இது ஒழித்துவிடாது. வலையமைப்பின் சுமையைக் குறைக்கும்.

அறுவை அரங்கில் என்ன நிலை?

இத்துறையில் மருத்துவமே முன்னோடி. 2001 செப்டம்பர் 7 அன்று நியூயார்க்கில் இருந்த மருத்துவர் ஜாக் மாரெஸ்கோ, பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருந்த நோயாளியின் பித்தப்பையை ரோபோ வழியாக அகற்றினார். இந்தியத் தயாரிப்பான 'எஸ்எஸ்ஐ மந்த்ரா' ரோபோ, தொலைநிலை அறுவைக்கும் தொலைநிலை மேற்பார்வைப் பயிற்சிக்கும் 2024 இறுதியில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலைப் பெற்றது. அடுத்த மாதமே குருகிராமில் இருந்தபடி, 286 கிலோமீட்டர் தொலைவில் ஜெய்ப்பூரில் இருந்த நோயாளிக்கு இதய அறுவை நடத்தப்பட்டது.

இருப்பினும், தொடுவுணர்வு அறுவை அரங்குக்கு வந்தது மிகத் தாமதமாகத்தான். உலகெங்கும் பரவலாகப் பயன்படும் 'டா வின்சி' ரோபோவில் விசையை உணர்த்தும் கருவிகள் 2024-ல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற ஐந்தாம் தலைமுறையில்தான் இடம்பெற்றன. அதற்கு முன்னர், திசு எவ்வளவு வளைகிறது என்பதைக் கண்ணால் பார்த்தே மருத்துவர்கள் அழுத்தத்தை ஊகித்தனர்.

தொலைவிலிருந்து ரோபோவை முழுமையாக இயக்குவதைவிட, தொலைவிலிருந்து பயிற்றுவிப்பதே விரைவில் கைகூடும் என்று கருத இடமுண்டு. பயிற்சியில் கருவியைப் பிடித்திருப்பவர் களத்திலேயே இருக்கிறார். பயிற்றுநரின் தொடுகை சற்றுத் தாமதமாக வந்தாலும் அது குறிப்பாகவே சேரும். இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது.

சாக்கடைப் பணியில் வேறு தடைகள் உண்டு. தாராவியின் பல சந்துகளில் இருவர் எதிரெதிரே கடப்பதே கடினம். ரோபோவை ஏற்றிய வண்டி அங்கு நுழையாது. மாட்டுங்கா, செம்பூரின் அகன்ற சாலைகளில் பயிற்சியைத் தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்தது. பயிற்றுநரும் தொழிலாளியும் ஒரே கரத்தை எதிரெதிர்த் திசையில் இழுத்தால் யாருடைய பிடி வெல்ல வேண்டும் என்பதையும் முன்கூட்டியே வகுத்தாக வேண்டும். இரட்டை இயக்கு மேடை கொண்ட அறுவை ரோபோக்களில் எந்தக் கருவி யார் வசம் என்பது வெளிப்படையாக ஒப்படைக்கப்படுகிறது. தெருவில் நிற்கும் தொழிலாளிக்கு அத்தகைய விதி இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது.