கைமாறிய பிளகின்

தளம் காப்போம் – 7

தீமின் கோப்புகளில் நேரடியாகக் கைவைத்தால் அடுத்த அப்டேட்டிலேயே நாம் செய்த மாற்றமெல்லாம் அழிந்துபோகும், சைல்டு தீம் அதற்காகத்தான் என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் பிளகின், அதாவது தளத்தில் கூடுதல் வசதி சேர்க்கும் துணைநிரல். வேர்ட்பிரஸ் தளம் வைத்திருப்பவர்களுக்கு மிக அதிக வசதி தருவதும் இதுதான், மிக அதிகத் தொல்லை தருவதும் இதுதான். 2017-இல் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்று ஓர் இலவச பிளகின் இருந்தது. பக்கவாட்டுப் பட்டையில் உள்ள விட்ஜெட்டுகளில் எது எந்தப் பக்கத்தில் தெரிய வேண்டும், எதில் தெரியக் கூடாது என்று குறித்து வைக்க உதவும். அவ்வளவுதான் அதன் வேலை. சுமார் 2 லட்சம் தளங்களில் அது ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பராமரித்து வந்தவர்களுக்கு வேறு பெரிய வேலைகள் இருந்தன. 2017 மே மாதம் 15,000 டாலருக்கு அதை விற்றுவிட்டார்கள்.

ஜூன் மாதம் புது உரிமையாளரின் முதல் அப்டேட் வந்தது. அது வெளியில் உள்ள ஒரு சர்வரிலிருந்து பெரியதொரு நிரலை இறக்கிக்கொண்டு, தளத்துக்கு வருபவர்களின் விவரங்களைப் பதிவு செய்வதை ஒருவர் கவனித்துப் புகார் செய்தார். வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வத் தொகுப்பிலிருந்து பிளகின் நீக்கப்பட்டது. சில நாட்களில் திருத்திய வடிவம் என்று மீண்டும் வந்தது. இந்த முறை வருகையாளரின் ஊரைக் கண்டறிவதற்கானது என்று தோன்றும் பெயரில் ஒரு புதுக் கோப்பு உள்ளே இருந்தது. பிளகினின் உரிமையாளர் தொலைவில் இருந்தபடியே மற்றவர்களின் தளங்களில் பதிவு எழுத வழிசெய்யும் நிரல் அது. மறுபடி நீக்கினார்கள், மறுபடி வந்தது. செப்டம்பர் 8-ஆம் தேதி நான்காவது முறையாக நீக்கிய பிறகுதான் அந்த ஆட்டம் ஓய்ந்தது.

அந்த நிரலில் ஒரு சிறு நிபந்தனை இருந்தது. பக்கத்தைப் பார்ப்பவர் லாகின் செய்திருக்கிறாரா என்று அது முதலில் சோதிக்கும். செய்திருந்தால் விளம்பரப் பதிவுகளை மறைத்துவிடும், இல்லையென்றால் காட்டும். தளத்தின் சொந்தக்காரர் பெரும்பாலும் லாகின் செய்தபடியேதான் தன் தளத்தைப் பார்ப்பார். அதனால் அவர் கண்ணுக்கு எல்லாம் பழையபடியே இருக்கும். கடன் விளம்பரத்தையும் கண்ட கண்ட இணைப்புகளையும் வாசகர் பார்ப்பார், கூகுள் பார்க்கும், தளத்துக்குரியவருக்கு மட்டும் தெரியாது.

விட்ஜெட்டை மறைக்க வந்த பிளகினால் பதிவே எழுத முடிந்தது எப்படி? விடை வேர்ட்பிரஸின் அமைப்பிலேயே இருக்கிறது. மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் பி2 என்ற பழைய மென்பொருளிலிருந்து பிரித்தெடுத்து 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸின் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த 1.2 பதிப்பில் பிளகின் வசதி சேர்ந்தது, 2005-இல் 1.5 பதிப்பில் தீம் சேர்ந்தது. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தைத் தயாரிக்கும் வழியெங்கும் ‘ஹூக்’ எனப்படும் இடங்கள் உண்டு. தலைப்பு எடுக்கப்படும் இடம், உரை வாசகருக்குப் போகுமுன் நிற்கும் இடம், படிவம் அனுப்பப்படும் இடம் என்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பிளகின் அவற்றில் தன்னை மாட்டிக்கொண்டு, கடந்து செல்வதை மாற்றும், கூட்டும், குறைக்கும்.

இந்தத் திறந்த அமைப்பால்தான் வேர்ட்பிரஸ் இவ்வளவு வளர்ந்தது. ஆனால் இதில் தடுப்புச் சுவர் கிடையாது. மொபைல் செயலி என்றால் கேமராவைத் தொட அனுமதி கேட்கும், தொடர்புப் பட்டியலைத் தொட அனுமதி கேட்கும். வேர்ட்பிரஸ் பிளகின் எதையும் கேட்பதில்லை. ஆக்டிவேட் என்ற பொத்தானை அழுத்திய நொடியிலிருந்து வேர்ட்பிரஸுக்கு உள்ள அத்தனை அதிகாரமும் அதற்கும் உண்டு. டேட்டாபேஸ் முழுவதையும் படிக்கலாம், மாற்றலாம், புது அட்மின் கணக்கைக்கூடத் தொடங்கலாம். குழாய் சரிசெய்ய வந்தவரிடம் பீரோ சாவி உட்பட வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுத்துவிட்டுப் போவதற்கு இணையானது இது.

டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் கதையில் நஞ்சு வந்தது அப்டேட் வழியாக. உடனுக்குடன் அப்டேட் செய்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அப்படியானால் அப்டேட்டே செய்யாமல் இருந்துவிடலாமா என்று கேட்டால், அதற்குப் பதில் 2020-இல் இருக்கிறது.

ஃபைல் மேனேஜர் என்ற பிளகின் அப்போது 7 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்தது. டாஷ்போர்டுக்குள்ளிருந்தே சர்வரின் கோப்புகளைக் கையாள உதவுவது. வேறொருவர் எழுதிய எல்ஃபைண்டர் என்ற நிரல் தொகுப்பின் மேல் அது கட்டப்பட்டிருந்தது. அந்தத் தொகுப்பில் மாதிரிக்காக வைத்த ஒரு கோப்பு உண்டு. அப்படியே இயங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அதன் பெயருக்குப் பின்னால் வேறொரு நீட்சி சேர்த்திருந்தார்கள். பிளகினில் அந்த நீட்சியை எடுத்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார்கள். விளைவாக, பாஸ்வேர்டே இல்லாமல் யார் வேண்டுமானாலும் அந்தக் கோப்பை நேராக அழைத்து, தங்கள் நிரலை சர்வரில் ஏற்ற முடிந்தது. செப்டம்பர் 1-ஆம் தேதி 6.9 என்ற திருத்தப் பதிப்பு வந்தது. அதற்கு முன்பே தாக்குதல் தொடங்கிவிட்டது. திருத்தத்தைப் போடாமல் விட்ட தளங்களைத் தானியங்கி நிரல்கள் வரிசையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. அந்தக் கோப்பு இயங்க வேர்ட்பிரஸ் தேவையில்லை. பிளகினை டீஆக்டிவேட் செய்திருந்தாலும் கோப்பு சர்வரில்தான் இருக்கும். வேண்டாத பிளகினை நிறுத்தி வைத்தால் போதாது, அழித்துவிட வேண்டும் என்று இந்தத் தொடரில் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே காரணம். பயன்படுத்தாத தீமுக்கும் இது பொருந்தும்.

தீமோடு ஒட்டிக்கொண்டு வரும் பிளகின் தனி ஆபத்து. விலைக்கு விற்கும் தீம்கள் பலவற்றில், படங்களை ஓடவிடும் ஸ்லைடர் போன்ற கட்டண பிளகின்களைச் சேர்த்தே கொடுப்பார்கள். ஸ்லைடர் ரெவலூஷன் அப்படிப் பரவிய ஒன்று. 2014-இல் அதில் ஓட்டை இருப்பது வெளியே தெரிந்தது. தயாரிப்பாளர்கள் முன்பே திருத்தியிருந்தார்கள். தனியாக வாங்கியவர்களுக்குத் திருத்தம் போய்ச் சேர்ந்தது, தீமுக்குள் வைத்து வாங்கியவர்களுக்குப் போகவில்லை. தங்கள் தளத்தில் அப்படியொரு பிளகின் இருப்பதே பலருக்குத் தெரியாது. அந்த டிசம்பரில் சோக்சோக் என்ற தீநிரல் அந்த வழியாக நுழைந்தது. 11,000-க்கும் மேற்பட்ட தள முகவரிகளை கூகுள் ஆபத்தானவை என்று முத்திரை குத்தியது.

பணம் கொடுத்து வாங்கியவர்களுக்கே இந்தக் கதி என்றால், ‘நல்டு’ என்று உரிமம் உடைக்கப்பட்ட தீம்களை எங்கிருந்தோ இறக்கிப் போடுகிறவர்களின் நிலையை யோசியுங்கள். டபிள்யூபி-விசிடி என்ற தீநிரல் ஆண்டுக்கணக்கில் பரவியது முக்கியமாக இந்த வழியில்தான். தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் புகுந்து, அதே தளத்தின் மற்ற தீம்களுக்கும், ஒரே ஹோஸ்டிங் கணக்கில் உள்ள பக்கத்துத் தளங்களுக்கும் தாவும். உங்களுக்குத் தளம் அமைத்துத் தருபவர் விலையுயர்ந்த தீமை இலவசமாகவே போட்டுத் தருவதாகச் சொன்னால், உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

ஆக, அப்டேட் செய்தாலும் ஆபத்து, செய்யாவிட்டாலும் ஆபத்து. ஆனால் இரண்டும் சமமான ஆபத்து இல்லை. பிளகின் கைமாறிக் கெடுவது அபூர்வம். ஓட்டை கண்டுபிடிக்கப்படுவது வாரந்தோறும் நடப்பது. எனவே அப்டேட் செய்தே ஆக வேண்டும். இதில் முழுக்க நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: பிளகின்களின் எண்ணிக்கை. அதைக் குறைப்பதுதான் எல்லாவற்றையும்விட வலுவான பாதுகாப்பு.

இன்றே டாஷ்போர்டில் பிளகின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றையும் இது எதற்கு என்று கேளுங்கள். சைட்மேப் தயாரிக்க ஒரு பிளகின் இருக்கலாம். 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸே அதைச் செய்கிறது. படங்களைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கும் லேசி லோடிங்கும் அதே பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. தமிழ் எழுத்துரு காட்ட ஒரு பிளகின் வைத்திருக்கலாம். பிளாக் தீம் பயன்படுத்துகிறவர்கள் 2024-இல் வந்த 6.5 பதிப்பிலிருந்து எழுத்துருவை டாஷ்போர்டிலேயே ஏற்றிக்கொள்ளலாம். ஒரு காலத்தில் அவசியமாக இருந்த பிளகின் இன்று வெறும் சுமையாக இருக்கக்கூடும்.

மிஞ்சியவற்றுக்குத் தொகுப்பில் உள்ள அவற்றின் பக்கத்தைப் போய்ப் பாருங்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், எந்த வேர்ட்பிரஸ் பதிப்பு வரை சோதித்திருக்கிறார்கள், கேள்விகளுக்குப் பதில் வருகிறதா, எழுதியவர் பெயர் மாறியிருக்கிறதா என்ற நான்கையும் கவனியுங்கள். பிளகின் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தில் தெரியும். ஆனால் தொகுப்பிலிருந்து நீக்கினாலும், ஏற்கனவே நிறுவியவர் தளத்தில் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். நாமாகப் போய் அழித்தால்தான் உண்டு.

புதிதாக ஒன்றைச் சேர்க்குமுன், நாளை இதை எடுத்துவிட்டால் என் பதிவுகள் என்னவாகும் என்றும் யோசிக்க வேண்டும். ஷார்ட்கோட் பயன்படுத்தும் பிளகினை நீக்கிப் பாருங்கள். படத்தொகுப்பு இருந்த இடத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ஏதோ ஒரு சொல்லும் எண்ணும் மட்டும் நிற்கும். சில பேஜ் பில்டர்களை எடுத்துவிட்டால் கட்டுரை முழுவதுமே இப்படிக் குறிகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும். நூற்றுக்கணக்கான கட்டுரைகளை ஒரு பிளகினின் ஆயுளோடு கட்டிப்போடுவது சரியில்லை.

அப்டேட் போட்டால் தளம் விழுந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2019-இல் வந்த 5.2 பதிப்பு முதல், ஒரு பிளகின் தளத்தை முடக்கினால் அட்மின் மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பு வரும். 5.5 முதல் ஒவ்வொரு பிளகினுக்கும் தானியங்கி அப்டேட்டை இயக்கலாம். 2024-இல் வந்த 6.6 முதல், தானியங்கி அப்டேட் தளத்தை முறித்தால் வேர்ட்பிரஸே பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும். இவ்வளவும் வந்த பிறகு அப்டேட்டைத் தள்ளிப்போடக் காரணமில்லை.

மாதம் ஒரு முறையாவது லாகின் செய்யாமல், பிரவுசரின் பிரைவேட் விண்டோவில் உங்கள் தளத்தைப் பாருங்கள். கூகுளில் உங்கள் தளத்துக்குள் மட்டும் தேடிப் பாருங்கள். நீங்கள் எழுதாத தலைப்பு ஏதாவது வந்தால் விஷயம் கைமீறத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது உங்களிடம் இருக்க வேண்டியது பேக்கப். கோப்புகளும் வேண்டும், டேட்டாபேஸும் வேண்டும், இரண்டும் அதே சர்வரில் இல்லாமல் வேறிடத்தில் இருக்க வேண்டும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று அவசியம். பேக்கப்பை ஒரு சோதனைத் தளத்தில் ஏற்றி, தமிழ் எழுத்துகள் சரியாக வருகின்றனவா என்று பாருங்கள். பழைய சர்வர்கள் பலவற்றில் டேட்டாபேஸின் எழுத்துக் குறியாக்கம் லத்தீனாக இருந்தது. மாற்றும்போது தவறினால் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். அப்படி ஆனதை மறுபடி தமிழாக்க வழியே இல்லை.

கடைசியாக, பிளகின் எழுதுகிறவர்களைப் பற்றி. தொகுப்பில் உள்ள பல்லாயிரக்கணக்கான இலவச பிளகின்களில் பெரும்பாலானவற்றின் பின்னால் ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள். வேலை முடிந்து வந்து இரவில் ஓட்டை அடைக்கிறவர்கள் அவர்கள். அலுத்துப்போய் ஒருநாள் கைவிட்டாலோ விற்றுவிட்டாலோ அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. உங்கள் தளம் ஒரு பிளகினை நம்பி நிற்கிறதென்றால் அதற்குச் சிறு தொகை கொடுங்கள். முடியாவிட்டால் பிழையைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள், இடைமுகத்தைத் தமிழாக்கிக் கொடுங்கள். அதுவும் பெரிய உதவிதான்.

ஊர் வரலாறு, சிறுபத்திரிகை, மருத்துவக் குறிப்பு, பள்ளிப் பாடம் என்று தமிழில் எத்தனையோ பேர் சொந்தச் செலவில் தளம் நடத்துகிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு அச்சுப் பிரதி கிடையாது. தளம் போனால் எழுத்தும் போயிற்று. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, வேண்டாத பிளகின்களை அழித்து, வேண்டியவற்றை அப்டேட் செய்து, ஒரு பேக்கப்பை எடுத்து வேறிடத்தில் வைத்துவிடுங்கள்.

(தொடரும்)