தோட்டத்துக் காய்க்கு ஒரு எக்ஸெல் ஷீட்

காய்கறித் தோட்டத்திற்கும் எக்ஸெலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நானும் அப்படித்தான் கேட்டேன்.

சின்னாளப்பட்டி பக்கம் என் மாமாவுக்கு இரண்டு ஏக்கர் தோட்டம். தமிழகத்தில் 1999ல் உழவர் சந்தைகள் வந்த பிறகு அங்கே விற்று வந்தார். இடைத்தரகர் இல்லை, ஆனால் எவ்வளவு விற்கும் என்பது விடிந்தால்தான் தெரியும். மீந்த கீரை மாட்டுக்குப் போகும்.

இப்போது திண்டுக்கல்லில் 40 வீடுகளுக்கு நேரடியாகக் கொடுக்கிறார். மாலை 6 மணி வரை வாட்ஸ்அப்பில் ஆர்டர். மறுநாள் விடியற்காலை பறிப்பு, எடை, பை கட்டுதல். 8 மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும்.

சிக்கல் எங்கே? ஆர்டர் வீடு வீடாக வருகிறது. பறிப்பவருக்கோ காய்வாரியாக மொத்தம் வேண்டும். மாமா நோட்டில் கூட்டி முடிக்க இரவு 11 மணியாகும்.

எக்ஸெலில் தேதி, வீடு, காய், அளவு என நான்கு நெடுவரிசைகள் அமைத்தேன். ஒரு காய்க்கு ஒரு வரி. இன்செர்ட் டேபில் பிவட்டேபிள் கிளிக் செய்து, ரோஸ் பகுதியில் காய், வேல்யூஸ் பகுதியில் அளவு வைத்தால் பறிப்புப் பட்டியல் தயார். ரோஸ் பகுதியில் வீடு, அதன் கீழ் காய் என்று வைத்தால் பை கட்டும் பட்டியல்.

முதல் வாரமே மூக்குடைந்தது. மூன்று ஆர்டர்களில் அளவை “2 கிலோ” என்று டைப் செய்துவிட்டேன். எக்ஸெலுக்கு அது எண் அல்ல, வெறும் எழுத்து, கூட்டலில் சேராது. தக்காளி 6 கிலோ குறைந்தது. மூன்று வீட்டுக்கும் மாமாவே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். “மாப்ளே, நோட்டுல இப்படி ஆனதில்லையே” என்றார். நேரடி விற்பனையில் நம்பிக்கைதானே முதல்!

கிலோ, கட்டு என்பதற்கு ஐந்தாவதாக ஒரு நெடுவரிசை சேர்த்தேன். அளவு நெடுவரிசையைத் தேர்வு செய்து, டேட்டா டேபில் டேட்டா வேலிடேஷன் திறந்து, டெசிமல் என்பதைத் தேர்ந்தெடுத்து, 0.25 முதல் 10 வரை என்று கொடுத்தேன். இனி எழுத்தை டைப் செய்தால் ஏற்காது. ஆனால் காப்பி செய்து பேஸ்ட் செய்தால் இந்தச் சோதனை நடக்காது. எனவே டைப்தான் செய்திட வேண்டும். புது ஆர்டர் சேர்த்ததும் பிவட்டேபிளில் ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ் கொடுக்க மறக்காதீர்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. சிறுகீரை விதைத்து ஏறக்குறைய 25 நாளில் அறுவடைக்கு வரும். எத்தனை பாத்தி விதைப்பது என்பதைப் போன மாத ஆர்டர்களைப் பார்த்தே மாமா முடிவு செய்கிறார். மாட்டுக்குத்தான் கீரை குறைந்துவிட்டது!