களுதாவளைக் கிணற்றடியில் எத்தனை ஓம்?

மட்டக்களப்பு வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீட்டர். அதற்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணலில், களுதாவளையின் வெற்றிலைக் கொடிக்கும் மிளகாய்க்கும் கிணற்றுத் தண்ணீரை இறைப்பது பெரும்பாலும் ஒற்றைக் கட்ட மோட்டர்தான். மின்மானி வீட்டில் இருக்கும், கிணறு தோட்டத்தில் இருக்கும். இடைத்தூரம் 60 மீட்டர் என்று வைத்து இக்கணக்கைத் தொடங்கலாம்.

இலங்கையில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. அதில் 6 சதவீதம் கூடவோ குறையவோ இடமுண்டு: 216.2 முதல் 243.8 வோல்ற்று வரை. 230 வோல்ற்றில் 1,000 வாற்று இழுக்கும் இஸ்திரிக்கைப் பெட்டிக்கு ஓட்டம் 4.35 அம்பியர், தடை 52.9 ஓம். தடை மாறாதிருக்க, 216.2 வோல்ற்றில் அதன் வலு 884 வாற்று, 243.8 வோல்ற்றில் 1,124 வாற்று. அழுத்தத்தில் 6 சதவீதம், வலுவில் ஏறத்தாழ 12 சதவீதம். வர்க்கம் செய்யும் வேலை இது.

அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்துத் தடை காணும் இந்த வழி மோட்டருக்கு அப்படியே பொருந்தாது. 1 குதிரைவலு மோட்டரின் தகட்டில் 0.75 கிலோவாற்று, 230 வோல்ற்று, 5 அம்பியர் என்றிருந்தால், 230ஐ 5ஆல் வகுக்க 46 ஓம் வரும். சுருளை மல்ரிமீற்றரால் அளந்தால் சில ஓம்கள்தான் காட்டும். மீதியைத் தடையென்று சொல்வது பிழை. பெருக்கினாலும் அதே சிக்கல்: 1,150 வோல்ற்று-அம்பியர். வலுக்காரணி 0.85 எனக் கொண்டால் மின்மானி பதியும் வலு 978 வாற்று. தண்டில் கிடைப்பது 750 வாற்று என்பதால் வினைத்திறன் 77 சதவீதம்.

கேபிளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது வெறும் தடை. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பிக்கு கிலோமீட்டருக்கு 12.1 ஓம். 60 மீட்டர் போக, 60 மீட்டர் வர, மொத்தம் 120 மீட்டர்: 1.45 ஓம். 5 அம்பியரில் இழப்பது 7.3 வோல்ற்று, அதாவது 3.2 சதவீதம். வழக்கமாக ஏற்கப்படும் எல்லை 4 சதவீதம், அதாவது 9.2 வோல்ற்று. இக்கம்பி அந்த எல்லையைத் தொடுவது 76 மீட்டரில். ஓடும் மோட்டருக்கு 60 மீட்டரில் குறை சொல்ல ஏதுமில்லை.

சுவிட்சைப் போடும் கணத்தில் நிலைமை வேறு. தொடக்க ஓட்டத்தை 5 மடங்கு, 25 அம்பியர் எனக் கொண்டால் கேபிளில் விழுவது 36.3 வோல்ற்று. மாலையில் லைன் 216.2 வோல்ற்றுக்கு இறங்கியிருந்தால் மோட்டருக்கு எஞ்சுவது 179.9 வோல்ற்று. முறுக்குவிசை அழுத்தத்தின் வர்க்கத்தோடு போவதால் அது முழு அளவில் 61 சதவீதம். மோட்டர் உறுமுகிறது, சுற்றவில்லை, சுருள் சுடுகிறது. 4 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு (கிலோமீட்டருக்கு 4.61 ஓம்) அதே கணக்கு 202.4 வோல்ற்று, 77 சதவீதம்.

மின்பட்டியலில் இந்த மாற்றம் பெரிதாகத் தெரியாது. மெல்லிய கம்பியில் வீணாவது 36.3 வாற்று, தடித்ததில் 13.8 வாற்று, வித்தியாசம் 22.5 வாற்று. நாளுக்கு 4 மணி நேரம் இறைத்தால் ஆண்டுக்கு 33 அலகு. 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கட்டணம் ஏறி, ஆறு மாதத்தில் 2.9 மடங்கானபோதுகூட 33 அலகு பெருந்தொகை ஆகியிராது. தடித்த கம்பி சேமிப்பது மோட்டரை.

பணத்தைவிடக் கனமான எண் மண்ணில் இருக்கிறது. வீட்டுக்கு வீடு தனி ஏர்த் கம்பி அடிக்கிறோம். 1.5 மீட்டர் நீளமும் 12.7 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள கம்பியின் தடை, மண்ணின் தடைத்திறனை 0.62ஆல் பெருக்க வருவது. வாவிக்கரை உவர்ச் சேற்றுக்கு 10 ஓம்-மீட்டர் என்றால் 6.2 ஓம். கச்சான் காற்றுக் காய்ச்சிய மணலுக்கு 1,000 ஓம்-மீட்டர் என்றால் 620 ஓம். கம்பி ஒன்றுதான், விலையும் ஒன்றுதான், விடை 100 மடங்கு. ஈரமணலை எட்டும் கம்பிக்கு இது வெகுவாகக் குறையும்.

மோட்டரின் உடலில் மின் கசிந்தால் மணலில் ஓடுவது 230ஐ 620ஆல் வகுத்த 0.37 அம்பியர். 16 அம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு சுமையே அல்ல. உடல் ஏறத்தாழ முழு 230 வோல்ற்றில் நின்றுகொண்டிருக்கும். சேற்றிலும் 37 அம்பியர்தான். பிரேக்கர் விழும், ஆனால் உடனே அல்ல. ஈரக் கையும் வெறுங்காலுமாய்த் தொடுபவரின் உடல் தடையை 1,000 ஓம் எனக் கொண்டால் அவருக்குள் பாய்வது 230 மில்லிஅம்பியர். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்சுக்கோ மணலின் 370 மில்லிஅம்பியரே 12 மடங்கு அதிகம். ஆள் தொடுமுன்பே விழுந்துவிடும். 50 வோல்ற்றுப் பாதுகாப்பு எல்லையை 0.03ஆல் வகுத்தால் 1,667 ஓம் வரை ஏர்த் தடை தாங்கும். காய்ந்த மணலும் அதற்குள் அடங்குகிறது, சுவிட்ச் வேலை செய்யும்வரை.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ட்ரிப் சுவிட்சிலுள்ள ‘டி’ பொத்தானை அமுக்கிப் பாருங்கள். அது சோதிப்பது சுவிட்சை மட்டுமே, ஏர்த் கம்பியை அல்ல. கம்பியை அளக்க ஏர்த் மீற்றர் வைத்திருக்கும் மின்வினைஞரைக் கச்சான் மாதத்தில் அழையுங்கள். மாரியில் அளந்தால் எண் குறைவாகத்தான் காட்டும்.