டயர் உரசும் சத்தமா? பெண்டர் லைனிங்கை வெட்டாதீங்க!

சென்னை: பெரிய டயர், அகல அலாய் வீல், தரையை ஒட்டி இறக்கிய பாடி... பார்க்க கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் 'யு டர்ன்' போடும்போது 'சர்ர்... சர்ர்...' என்று சத்தம் வந்தால் உஷார்! டயர், பெண்டர் லைனிங்கை உரசுகிறது என்று அர்த்தம்.

மட்கார்டுக்கு உள்பக்கம், வீலுக்கு மேலே வளைவாக இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் உறைதான் பெண்டர் லைனிங். சேறு, தண்ணீர், ஜல்லி தெறித்து உள்ளே போகாமல் தடுப்பது இதுதான். பல கார்களில் 'பாக் லைட்' ஒயர், வைப்பர் தண்ணீர் டேங்க் எல்லாம் இதற்குப் பின்னால் இருக்கும்.

'வெட்டி விட்டா சரியாப் போயிடும்' என்று சிலர் உடனே கத்தியை எடுத்து விடுகிறார்கள். சத்தம் நிற்கலாம். ஆனால் மழைத் தண்ணீரில் ஒயர் நனைந்தால் செலவு இரட்டிப்பாகி விடும். அதைவிட மோசம், டயர் அடுத்ததாக இரும்புத் தகட்டில் உரசுவது. டயரின் பக்கவாட்டுப் பகுதி அறுபட்டால் பஞ்சர் போட்டு ஓட்ட முடியாது. நெடுஞ்சாலையில் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

ஏன் உரசுகிறது?

உதாரணத்துக்கு, 185/65 ஆர்15 டயரின் உயரம் சுமார் 621 மி.மீ. அதை கழற்றிவிட்டு 205/65 ஆர்15 போட்டால் உயரம் சுமார் 647 மி.மீ. ஆகிவிடும். மேலே 13 மி.மீ. இடைவெளி குறையும். அகலத்திலும் பக்கத்துக்கு 10 மி.மீ. கூடும். ஸ்பீடோமீட்டரும் ஏமாற்றும். 100 காட்டும்போது கார் ஏறக்குறைய 104-ல் போகும்.

வீலின் உள்பக்கம் 'இடி 45' என்பது போல ஒரு எண் இருக்கும். இதுதான் 'ஆப்செட்'. 45-க்கு பதில் 35 உள்ள வீலை மாட்டினால் அது 10 மி.மீ. வெளியே துருத்தும். ஸ்பேசர் போட்டாலும் இதே கதைதான். ஸ்பிரிங்கை வெட்டி காரை இறக்கினால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் உரசும். வெட்டிய ஸ்பிரிங் இடம் விட்டு நழுவும் அபாயமும் உண்டு.

எங்கே உரசுகிறது?

லைனிங்கில் சாக்பீஸ் தடவி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் உரசும் இடம். பின் சீட்டில் ஆட்களை ஏற்றி, வேகத்தடை மேல் ஏறி இறங்கியும் பார்க்க வேண்டும்.

சரி செய்வது எப்படி?

* முதலில் கிளிப், ஸ்குரூ கழன்று லைனிங் தொங்குகிறதா என்று பாருங்கள். பல நேரம் புது கிளிப் போட்டாலே சத்தம் நின்றுவிடும்.

* லேசான உரசல் என்றால், வீலை கழற்றி, ஒயர்களை ஒதுக்கிவிட்டு, 'ஹீட் கன்' மூலம் பிளாஸ்டிக்கை இளக்கி உள்ளே அழுத்தலாம். ஆறும் வரை கையை எடுக்கக் கூடாது. தீ காட்டவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்துத்தான் வேலை பார்க்க வேண்டும்.

* ஸ்பேசர் இருந்தால் கழற்றி விடுங்கள். வெட்டிய ஸ்பிரிங்கை மாற்றுங்கள். பிறகு வீல் அலைன்மெண்ட் கட்டாயம்.

* இத்தனைக்கும் அடங்காவிட்டால் டயரும் வீலும்தான் தப்பான சைஸ். 16 இஞ்ச் வீல் ஆசை இருந்தால் 195/55 ஆர்16 போடலாம். அதன் உயரமும் சுமார் 621 மி.மீ.தான். ஆனால் வீல் அகலம், ஆப்செட் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தயாரிப்பு கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 2019-ம் ஆண்டு சட்ட திருத்தம் வழி செய்கிறது.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்கள், பெரும்பாலும் டிரைவர் கதவு ஓரம் ஒட்டியிருக்கும் டயர் சைஸ் ஸ்டிக்கரையும், காரில் மாட்டியிருக்கும் டயரையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.