வீணாகும் உஷ்ணத்தினின்று மின்சாரம்

வெல்லம் காய்ச்சும் அடுப்பில் எரியும் சக்கையின் உஷ்ணம் முழுவதும் கொப்பரையைச் சேருவதில்லை. கணிசமான பாகம் புகைபோக்கி வழியே வீணாகின்றது. செங்கற் சூளையிலும், எண்ணெய் எஞ்சினின் புகைக்குழாயிலும் இவ்வாறே. அவ்வுஷ்ணத்தில் ஒரு சிறு பங்கை, சுழலும் யந்திரம் எதுவுமின்றி, மின்சாரமாக மாற்றும் பீங்கான் வில்லைகள் இப்பொழுது செய்யப்படுகின்றன.

இதன் தத்துவம் பழையதே. இருவேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு சந்தியை மட்டும் சூடாக்கினால் அருகிலுள்ள காந்த ஊசி அசைவதை 1821-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ஸீபெக் கண்டார். வளையத்தில் மின்சாரம் ஓடியதே காரணம். அவரோ அதனைக் காந்தத்தின் செயலென்றே கருதினார். 1950-களில் ரஷ்ய கிராமங்களில் மண்ணெண்ணெய் விளக்கின்மேல் இத்தகைய கருவியைப் பொருத்தி ரேடியோ கேட்டனர்.

பெரிதும் வழங்கும் பிஸ்மத் கலவை சுமார் 250 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட உஷ்ணத்திற்கு ஏற்றதன்று. 1997-இல் ஜப்பானில் தெரசாகி என்பவரும் அவர் கூட்டத்தாரும் சோடியம், கோபால்ட் ஆகியவற்றின் ஆக்ஸைடில் இக்குணம் மிகுந்திருப்பதை அறிவித்தனர். பின்னர்க் கால்சியம், கோபால்ட் ஆக்ஸைடும் கைக்கொள்ளப்பட்டது. முன்னரே பிராணவாயுவுடன் கூடிய பொருளாதலால், இது 700 டிகிரியிலும் காற்றிற் கெடுவதில்லை. சாதாரண ஓட்டிற்கோ பானைக்கோ இக்குணம் கிடையாது. அவற்றில் மின்சாரம் ஓடாது.

வில்லையின் ஒரு பக்கம் சுடுவது மட்டும் போதாது. மறுபக்கம் குளிர்ந்திருத்தல் வேண்டும். இரு பக்கமும் ஒரே சூட்டை அடைந்தால் மின்சாரம் நின்றுவிடும். 2011-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சமையற் பாத்திரம் ஒன்றில் இது நன்கு விளங்கும். அடியில் நெருப்பு சுமார் 550 டிகிரி. உள்ளே கொதிக்கும் நீர் 100 டிகிரி. நீர் உள்ளவரை உட்புறம் அதற்கு மேற் சூடேறாது. இடையிலுள்ள பீங்கான் வில்லைகள் 2 வாட் மின்சாரம் தந்தன. கைப்பேசிக்கு மின்னேற்ற அது போதும். 5 குதிரைச் சக்தி பம்பை ஓட்டவோ அத்தகைய பாத்திரங்கள் 1,800-க்கு மேல் வேண்டும்!

ஆதலால் இறைப்புக்கு இதனை நம்பிப் பணம் முடக்குதல் தகாது. நல்ல வில்லைகளும் தம்வழிச் செல்லும் உஷ்ணத்தில் நூற்றுக்குச் சில பங்கே மின்சாரமாக்கும். வெல்ல அடுப்புடையோர் புகைச்சூட்டினால் முதலில் கருப்பஞ்சாற்றை வெதுப்பிக்கொள்வதே அதிக லாபம், சக்கை மிச்சமாகும். கம்பி எட்டாத களத்தில் ஒரு சிறு விளக்குக்கோ, உஷ்ணமறியும் கருவிக்கோ வில்லைகள் உதவலாம். வாங்க விரும்புவோரும், யோசனை கேட்கப்படும் கிராமாதிகாரிகளும், சொல்லப்படும் வாட் அளவு இரு பக்கங்களுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசத்திற் கிடைப்பதென்றும், குளிர்ச்சிக்கு எவ்வளவு நீர் வேண்டுமென்றும் விற்பவரிடம் எழுத்து மூலம் கேட்டறிதல் நலம்.