எட்டு குதிரைக்குப் பத்து நகை!

எங்க அப்பா 80-களில் ஒரு டிவிஎஸ் 50 வைத்திருந்தார். அதற்கு அவர் செய்த ஒரே அலங்காரம், தேங்காய் மூட்டை கட்ட வசதியாகப் பின்னால் ஒரு இரும்பு கேரியர். "வண்டிக்கு எதுக்குடா பவுசு? கொண்டு போயி விட்டா சரி" என்பார். நான் பி.காம். படித்தவன். அப்பா பேச்சைக் கேட்பேனா?

மூணு வருஷத்துக்கு முன்னால் 38,000 ரூபாய்க்கு ஒரு பழைய ஸ்ப்ளெண்டர் வாங்கினேன். தினமும் உடுமலையில் இருந்து பொள்ளாச்சிக்குப் போக வர 60 கிலோமீட்டர். சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்த வண்டி. ஆனால் பஸ் ஸ்டாண்டு முன்னால் நிறுத்தினால், பக்கத்தில் அதே கறுப்பில் பத்து வண்டி. சாவியைத் தப்பான வண்டியில் விட்டுத் திருகி, ஓனரிடம் அசடு வழிந்த நாளும் உண்டு. அன்றைக்கே முடிவு செய்தேன்... 'நம்ம வண்டி தனியாத் தெரியணும்!'

தெரிந்தது. அலாய் வீல் 6,500. பின்னால் தடி டயர் 2,800. சத்தமான சைலன்சர் 2,200. ஹேண்டில் பார் 900. சீட் 1,600. ஸ்டிக்கர், கூலி 1,000. ஆகமொத்தம் 15,000 ரூபாய். முன் டயர் மொட்டையாகத்தான் இருந்தது. 'அடுத்த மாசம் பாத்துக்கலாம்' என்று விட்டுவிட்டேன். முன் டயரை யார் சார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

தெருவே பார்த்தது. ஆனால், பெட்ரோல் பங்க்காரர்தான் அடிக்கடி பார்த்தார்! 60 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 50-க்கு இறங்கிவிட்டது. கணக்குப் போடுவோமா? மாதம் 1,500 கிலோமீட்டர். முன்பு 25 லிட்டர், இப்போது 30. லிட்டர் 100 ரூபாய் என்றே வையுங்கள். மாதம் 500, வருஷம் 6,000. அதாவது, 15,000 கொடுத்து வாங்கிய அழகுக்கு வருஷா வருஷம் 6,000 ரூபாய் வாடகை! எந்த பேலன்ஸ் ஷீட்டில் இதை எழுதுவது?

ஏன் இப்படி? 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது. 1994-ல் ஸ்ப்ளெண்டர். இரண்டும் 97 சிசி, நாலு ஸ்ட்ரோக். குறைந்த பெட்ரோலில் நிறைய தூரம் போகவேண்டும் என்பதற்காகவே செய்த வண்டிகள். இன்றைய ஸ்ப்ளெண்டரின் சக்தியே சுமார் 8 குதிரைத்திறன்தான். டயரின் அகலம், செயின் பற்சக்கரம், சைலன்சர் எல்லாம் அந்த எட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. தடி டயர் போட்டால் உருளுவதற்கே கூடுதல் சக்தி போகும். ரிம்முக்குப் பொருந்தாத அகலம் என்றால் டயர் பிதுங்கி, வளைவில் பிடிப்பும் குறையும். சைலன்சரை மாற்றினால் கூடுவது சத்தம்தான். சத்தம் கூடியதும் வேகமும் கூடிவிட்டது என்று நம் காது நம்பிவிடுகிறது. நம்பிய காது கையிடம் சொல்ல, கை ஆக்ஸிலேட்டரை முறுக்க... மைலேஜ் கோவிந்தா!

நம்ம ஊரில் இன்னொரு வில்லன் உண்டு. காற்று! ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்று. காற்றாலைக்காரர்களுக்கு அது வரம். பொள்ளாச்சி பக்கம் வண்டி ஓட்டுகிறவனுக்கு எதிரி. 50 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் போக, எதிரே 20-ல் காற்று வந்தால், வண்டிக்கு அது 70-ல் போகிற மாதிரி. காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறுவது. ஆகவே, ஏறக்குறைய இரண்டு மடங்கு! அந்த நேரத்தில் எந்த சைலன்சரும் காப்பாற்றாது. 50-ஐ 40 ஆக்கினால் அந்தத் தடை நாலில் ஒரு பங்குக்கு மேல் குறையும். செலவு? பத்து நிமிஷம் முன்னால் எழுந்திருப்பது.

இதெல்லாம் காசுக் கணக்கு. காசோடு போயிருந்தால் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன்.

போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருமூர்த்தி மலைக்கு வீட்டம்மாவோடு போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். தூறல். தளி ரோட்டில் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடியது. ஹாரன் அடித்தேன், பிரேக்கும் பிடித்தேன். முன் சக்கரம் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. ஆட்டுக்குட்டி பத்திரம். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். மூணு வாரம் மாவுக்கட்டு.

கட்டுப் போட்ட கையோடு அன்றைக்கு ராத்திரி அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஏனுங்க, தெருவே கேக்கற மாதிரி சத்தம் போட்டுச்சே அந்த வண்டி... நிக்கத் தெரியாதுங்களா அதுக்கு?"

பதில் இல்லை. 15,000 செலவு செய்தவனிடம் 1,700 ரூபாய் முன் டயர் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

மறுநாள் வண்டியை எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் தள்ளிக்கொண்டு போனேன். முன் டயரைத் தடவிப் பார்த்தார்.

"பட்டனே இல்லீங்களே தம்பி! வண்டிக்கு நகையாப் போட்டு வெச்சிருக்கீங்க. காலுக்குச் செருப்பு வாங்கித் தரலீங்களே!"

அன்றைக்கு நடந்ததுதான் உண்மையான அப்கிரேட். முன் டயர் 1,700. செயின், ஸ்ப்ராக்கெட் செட் 1,100. இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் ஷூ 350. ஏர் ஃபில்டர் 200. கம்பெனி அளவில் புது பல்ப் 150. கூலி 500. மொத்தம் 4,000. பின் டயரையும் சைலன்சரையும் பழையபடியே மாட்டச் சொன்னேன். அடுத்த மாதமே மைலேஜ் 58!

அலாய் வீலை மட்டும் விட்டு வைத்தார் அண்ணன். அளவு சரியாக இருந்து, ட்யூப்லெஸ் டயரும் போட்டால், ஆணி குத்தினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்குமாம். ஆக, மாற்றுவதே தப்பில்லை. எதை மாற்றுகிறோம் என்பதுதான் விஷயம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அதே வருஷம் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. விற்கப் போனாலும், "பழைய சாமான் இருக்குங்களா?" என்று கேட்டு வியாபாரி விலையைக் குறைப்பாரே தவிர, ஸ்டிக்கருக்கு ஒரு பைசா தரமாட்டார்.

காலேஜில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று பக்கம் பக்கமாக எழுதினேன். சின்ன வண்டிக்கு அவ்வளவு வேண்டாம். இரண்டே கேள்வி போதும். இந்தச் செலவு என் வண்டியை நிறுத்துமா? ராத்திரியில் எனக்கு ரோட்டைக் காட்டுமா? 'ஆமாம்' என்றால் கடன் வாங்கியாவது செய்யுங்கள். 'அடுத்தவன் திரும்பிப் பார்ப்பான்' என்பதுதான் பதில் என்றால், பர்ஸை மூடுங்கள். டயர் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நாலு எண்ணையும் பாருங்கள். முதல் இரண்டு தயாரான வாரம், அடுத்த இரண்டு வருஷம். கடையில் கிடந்தே கிழடான டயர் புதுசு இல்லை.

சைலன்சர் இப்போது பரண் மேல் தூங்குகிறது. பஸ் ஸ்டாண்டில் என் வண்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால், நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறது. பின்னால் உட்கார்ந்து வருகிறவரும் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும்... அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது!