ஷாஃப்ட் ஏன் முறிகிறது? பதில் லேத்தில் இருக்கிறது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். தூத்துக்குடியில் படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படுவது அப்போதுதான். லேத் பட்டறைகளில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுகள் குவிவதும் அப்போதுதான்.

நடுக்கடலில் ஷாஃப்ட் முறிந்தால் படகுக்காரர் முதலில் சந்தேகப்படுவது சரக்கை, அதாவது ஷாஃப்ட்டின் உலோகத்தைத்தான். சில நேரம் அது சரி. ஆனால் முறிந்த முகத்தைத் துடைத்துப் பாருங்கள். கீ உட்காரும் பள்ளமான கீவேயின் மூலையில் தொடங்கி வளைவு வளைவாக வரிகள் பரவியிருக்கும். கடைசியில் சிறு பகுதி மட்டும் சொரசொரப்பாக இருக்கும். அப்படியிருந்தால் அது ஒரே அடியில் முறிந்ததல்ல. விரிசல் நாள்பட ஓடியிருக்கிறது. விசாரிக்க வேண்டியது டேப்பரையும் கீவேயையும்தான்.

புரொப்பல்லர் உட்காரும் முனை கூம்பாகச் சரிந்திருக்கும்; அதுதான் டேப்பர். நட்டை முறுக்கும்போது அந்தச் சரிவில் புரொப்பல்லர் இறுகிக்கொள்ளும். சுமையைத் தாங்க வேண்டியது இந்தப் பிடிதான். கீ வெறும் துணைக்கு. பிடி சரியில்லாவிட்டால் முழுச் சுமையும் கீயின் மேல் ஏறும், அங்கிருந்து கீவேயின் மூலைக்குப் போகும்.

டேப்பர் 1:12 என்றால் விட்டம் 12 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. குறையும். காம்பவுண்ட் ஸ்லைடைத் திருப்ப வேண்டியது 2 டிகிரி 23 நிமிடம். லேத்தில் பொறித்த டிகிரிக் கோட்டை நம்பி இதை வைக்க முடியாது. நேராகக் கடைந்த உருளையில் டயல் கேஜைத் தொடவைத்து, காம்பவுண்ட் ஸ்லைடை 60 மி.மீ. நகர்த்துங்கள். முள் 2.5 மி.மீ. காட்ட வேண்டும். டூல் முனை சென்டர் உயரத்தில் இல்லாவிட்டால், கோணம் சரியாக இருந்தும் டேப்பர் கெடும்.

கடைந்து முடித்ததும் ஷாஃப்ட்டில் பிரஷ்யன் புளூவை மெல்லப் பூசி, புரொப்பல்லரைக் கீ இல்லாமல் ஏற்றி இறக்குங்கள். குறைந்தது 70 சதவீதப் பரப்பிலாவது நீலம் படிய வேண்டும். பெரிய முனைப் பக்கம் நன்றாகவே படிய வேண்டும். புரொப்பல்லர் எதுவரை ஏறியது என்று கோடு போட்டுக்கொண்டு, பிறகு கீயுடன் ஏற்றுங்கள். அதே கோட்டுக்கு வராவிட்டால் கீயின் மேல்முகம் முட்டுகிறது, டேப்பர் உட்காரவேயில்லை. பல பட்டறைகள் அவசரத்தில் விட்டுவிடும் சோதனை இது. ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கீவேயின் அடிமூலையைக் கத்தி முனைபோல் விடாமல் சிறிது உருட்டிவிட வேண்டும். கீயின் விளிம்பையும் அதற்கேற்பச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். விரிசல் பிறக்கும் இடம் அந்தக் கூர்மூலைதான்.

அடுத்து, ஷாஃப்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் கடையும் விதம். டூல் வெட்டாமல் உரசினால் மேல்தோல் இறுகிப்போகும். அடுத்த வெட்டில் டூல் முனை கருகும். ஆகவே மெல்லிய வெட்டு கொடுத்துத் தடவக் கூடாது, வெட்டின் நடுவே ஃபீடை நிறுத்தவும் கூடாது. எச்.எஸ்.எஸ். டூலுக்குச் சாதா இரும்பில் நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகம் என்றால், இதில் 18 போதும். அந்த வேகத்தை 318-ஆல் பெருக்கி, விட்டத்தால் வகுத்தால் சுற்று வரும்: 50 மி.மீ. ஷாஃப்ட்டுக்குச் சுமார் 115.

சூட்டில் இது அதிகம் நீளும் உலோகமும்கூட. ஒரு மீட்டர் ஷாஃப்ட் 30 டிகிரி சூடேறினால் அரை மி.மீ. நீளும். டெட் சென்டரை அவ்வப்போது தளர்த்தி மறுபடி வைக்காவிட்டால் ஷாஃப்ட் வில்லாக வளையும். நீளமான ஷாஃப்ட்டை ஸ்டெடி இல்லாமல் கடைவது வீண்வேலை.

சரக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் கடல்நீரை 304-ஐ விட நன்றாகத் தாங்கும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. பெரும்பாலும் இரண்டிலுமே ஒட்டாது. ஆலைச் சான்றிதழைக் கேளுங்கள். 316-ஆக இருந்தாலும் கிளாண்டு பேக்கிங்குக்கு அடியில் நீர் தேங்கினால் குழி விழும். அரிப்பைத் தடுக்க மாட்டிய துத்தநாகக் கட்டை கரைந்துவிட்டதா என்று ஒவ்வொரு தடைக்காலத்திலும் பார்த்து மாற்ற வேண்டும்.

படகு உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பட்டறைக்கு ஷாஃப்ட்டை மட்டும் அனுப்பாதீர்கள். புரொப்பல்லரையும் கீயையும் சேர்த்தே கொடுத்தனுப்புங்கள். நீலம் பூசிக் காட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.